பதினாறாம் அதிகாரத்துக்குப் போகாதவர்கள்

நாங்கள் மேலநீலிதநல்லூர் சுற்றுவட்டாரத்துக் கரிசல்காட்டுக் கிறிஸ்தவர்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின வாரமே கல்லறைத் தோட்டத்து உடைமுள்ளை வெட்டி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். கோழி கூவுமுன் மெழுகுவர்த்தியோடு அங்கே நிற்போம். ஆராதனை முடிந்தால் வீட்டில் கறிச்சோறு. திங்கட்கிழமை விடிந்தால் அந்த நம்பிக்கைக்கு எங்களிடம் வேலை இல்லை. இதைத்தான் அறிக்கையிட வந்திருக்கிறோம்.

அடக்க ஆராதனையில் 1 கொரிந்தியர் 15 வாசிப்பது வழக்கம். சாவு தோற்றுப்போனது என்று பவுல் முழங்கும்போது, அழுது ஓய்ந்தவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆனால் அந்த அதிகாரம் முழக்கத்தோடு முடியவில்லை. கர்த்தருக்காகப் படுகிற பாடு வீணாகாது, அதனால் வேலையில் உறுதியாக நில்லுங்கள் என்று சொல்லித்தான் முடிகிறது. அதற்கு அடுத்த வசனம், 16:1, எருசலேம் சபைக்காகப் பணம் சேர்ப்பதைப் பற்றியது. மரித்தோரை எழுப்பும் எக்காளச் சத்தத்திலிருந்து பவுல் நேராகக் காணிக்கைப் பைக்கு வந்துவிடுகிறார். நாங்கள் 15ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டோம்.

சரீரம் எழும்பும் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். உயிரோடிருக்கும் சரீரங்களை என்ன செய்தோம்? காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை மடியில் பீடித் தட்டோடு குனிந்திருக்கும் அக்காமார் இருமினால், ‘ஜெபிக்கிறோம்’ என்றோம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் ‘ஆண்டவர் சித்தம்’ என்றோம். துக்க வீட்டுக் கூட்டம் கலைந்தபின் அவள் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கவில்லை. விதவை உதவித்தொகைக்கு ஒரு மனு எழுதிக்கொடுக்கச் சபையில் படித்தவர்களுக்கா பஞ்சம்? குடித்துவிட்டு ரோட்டோரம் கிடந்த பையனைப் பார்த்து, ‘அவன் கதை முடிஞ்சுது’ என்றோம். முடிந்துபோனது எழும்பும் என்பதுதானே நாங்கள் சொல்லித் திரிகிற நற்செய்தி?

சாதி விஷயத்தில் எங்கள் வாய் இன்னும் இறுகிக்கொண்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரைப் பிரித்து வைக்கச் சுவர் எழுப்பினார்கள். 2008இல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே பங்குக்குள் சாதி மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ‘அது ஆர்.சி. விவகாரம்’ என்று சொல்லி, சீர்திருத்தச் சபைக்காரர்களான நாங்கள் தப்பித்துக்கொண்டோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கையில் ஞானஸ்நானத்தையா முதலில் விசாரிக்கிறோம்? ஒரே எக்காளத்துக்கு எழும்பப் போகிறவர்கள் ஒரே பந்தியில் சம்பந்திகளாக உட்காரக் கூசுகிறோம்.

எங்களுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உருவானது, அடியும் உதையும் பட்ட புது விசுவாசிகளுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்றுதான். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்துத் தருமசங்கமும், விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தியது. பரலோகத்தைக் காட்டியவர்கள் கூடவே ஒரு துண்டு மனையையும் காட்டினார்கள். 1854 முதல் வடநெல்லையில் கூடாரமடித்து ஊர் ஊராக அலைந்த மிஷனரி ராக்லாந்து, 1858இல் சிவகாசியில் உயிர்விட்டார். உலையில் போடுமுன் கைப்பிடி அரிசி எடுத்துவைத்து ஊழியத்தைத் தாங்கியவர்கள் எங்கள் பாட்டிமார். அவர்கள் கல்லறைகளுக்கு மாலை போட்டோம். அவர்கள் செய்த வேலையைக் கைவிட்டோம்.

மனம் வருந்துவதாகச் சொல்லி ஆமென் போட்டுவிட்டால் இதுவும் இன்னொரு ஆராதனையாகிவிடும். ஆகவே இனி ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருஷம் இரண்டு பேர் பொறுப்பு: மனு எழுத, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர, கடன்காரனிடம் தவணை பேச. பீடி சுற்றும் பெண்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது வாலிபர் சங்கத்தின் வேலை. சபை விருந்தான அசனத்தில் யார் சமைப்பது, யார் பரிமாறுவது என்பதைச் சாதி தீர்மானிக்காது. செய்தது என்ன, விட்டது என்ன என்ற கணக்கை அடுத்த ஈஸ்டரன்று சபை முன்னால் வாசிப்போம். ஒன்றும் செய்யாதிருந்தால், அதையும் பாட்டு அறிவிக்கிற அதே சத்தத்தில் வாசிப்போம்.