தொடுவதற்கென ஒரு கல்

காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாங்கள் என்ன செய்ய வேண்டும், டாக்டர்?" மருந்து செவிலியர் கையில் இருக்கிறது, சிகிச்சை எங்கள் கையில் இருக்கிறது. அவர்களுடைய கைகளுக்கோ வேலையில்லை. இக்கேள்வி எழும்போதெல்லாம் ஒரு சிற்பி எங்கள் நினைவுக்கு வருகிறார்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பார்பரா ஹெப்வொர்த் (1903–1975), மனிதர், விலங்கு என எதையும் நேராகக் காட்டாத அருவச் சிற்பங்களைக் கல்லில் செதுக்கியவர். 1939 முதல் கார்ன்வால் கடற்கரையில் வாழ்ந்தார். அங்குள்ள பாறைகளும் குன்றுகளும் கடலலையும் அவருடைய கற்களில் வளைவுகளாகவும் குடைவுகளாகவும் இடம்பெற்றன. சிற்பத்தைக் கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் தொட்டு அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவரும் மருத்துவமனையில் காத்திருந்த தாய்தான். 1944இல் அவருடைய மகள் எலும்புத் தொற்றால் நோயுற்றாள். அப்போது பழக்கமான அறுவை மருத்துவர் நார்மன் கேப்பனரின் அழைப்பின்பேரில், 1947 முதல் அறுவை அரங்குகளில் நின்று ஓவியங்கள் வரைந்தார். அவற்றில் மேலோங்கி நிற்பவை மருத்துவக் குழுவினரின் கண்களும் கைகளுமே.

அதே கார்ன்வாலில் 'மென் அன் டோல்' என்னும், வட்டத் துளையுடைய பழங்கல் ஒன்று உள்ளது. 'ரிக்கெட்ஸ்' எனும் எலும்பு நோய் கண்ட குழந்தைகளை அத்துளை வழியே நுழைத்தெடுத்தால் குணமாகும் என்று முற்காலத்து மக்கள் நம்பினர். கல் நோயைத் தீர்க்காது. அந்நோய்க்குப் பெரும்பாலும் வேண்டியவை வைட்டமின் டியும் கால்சியமுமே. ஆயினும், குழந்தையை ஒருபுறம் நீட்டி மறுபுறம் ஏந்திக்கொண்ட அக்கைகளை நாங்கள் எள்ளி நகையாட மாட்டோம்.

எங்கள் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். ஸ்கேன் திரையைப் பார்க்கும் நேரம் கூடக்கூட, நோயாளியின் கையைப் பற்றும் நேரம் எங்களிடம் குறைந்து வருகிறது.

மருத்துவமனைகளில் 'தொடாதீர்' என்னும் பலகைகளுக்குக் குறைவில்லை. துடைத்துத் தூய்மை செய்யத்தக்க, தொடுவதற்கென்றே செதுக்கிய கல் ஒன்று காத்திருப்புக் கூடத்தில் இருப்பது ஆடம்பரமன்று என்பது எங்கள் கருத்து. அது வரும்வரை உங்கள் கைகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. சோப்பிட்டு நன்றாகக் கழுவுங்கள், செவிலியரிடம் கேளுங்கள், அவர் அனுமதித்தால், உங்களவரின் கையைப் பற்றிக்கொண்டு அருகில் அமருங்கள். பேச வேண்டும் என்பதில்லை. நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்னும் கேள்விக்கு எங்கள் விடை இதுவே.