நேரியமங்கலமும் பெரியவரையும்

கொச்சியிலிருந்து மூணாற்றுக்குச் செல்லும் ரஸ்தாவை அகலப்படுத்தும் திட்டத்தில், நேரியமங்கலத்தில் பெரியாற்றின்மீது இரண்டாவது பாலம் ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவசியமான காரியமே. பழைய பாலத்தின் அகலம் 4.9 மீட்டர்; எதிரெதிரே இரண்டு லாரிகள் வந்தால் ஒன்று காத்து நின்றே தீர வேண்டும். மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாகத் தனுஷ்கோடிவரை வரும் பெருவழி இது. ஆகையால் இதை மலையாளத்தார் விஷயமென்று தமிழர் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

1924-ஆம் வருஷம் ஜூலை மாதத்துப் பெருவெள்ளம் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குச் சென்ற பழைய மலைப்பாதையைச் சிதைத்தது; தேயிலை சுமந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் அத்துடன் ஒழிந்தது. பிறகு புது ரஸ்தா வகுக்கப்பட்டு, 1935-இல் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் இப்பாலத்தைத் திறந்துவைத்தார். ஒவ்வொன்றும் 42.8 மீட்டர் நீளமுள்ள ஐந்து கண்கள். காங்கிரீட் வளைவுகள் தளத்துக்கு மேலே எழும்பி அதைத் தாங்கி நிற்கின்றன. நசுக்கும் பாரத்தைக் காங்கிரீட்டும், இழுக்கும் பாரத்தை உள்ளே பொதிந்த இரும்புக் கம்பியும் ஏற்பதே இவ்வகை வேலையின் சூட்சுமம். கம்பிவரை ஈரம் எட்டினால் துரு பொங்கிக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும். உப்புக் காற்றில் வீடு கட்டி வாழும் நம் பெரியதாழைக்காரருக்கு இதை எவரும் போதிக்க வேண்டியதில்லை. 2018-ஆம் வருஷத்து வெள்ளத்துக்கும் இப்பாலம் ஈடுகொடுத்து நின்றது. புதுப் பாலம் வந்துவிட்டதென்று இதைப் பராமரிப்பின்றிக் கைவிடுவார்களாயின் அது பெரும் பிழையாகும்.

ஆனால் நம் மனத்தை வருத்துவது வேறொன்று. அதே 2018 வெள்ளத்தில், மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் ரஸ்தாவிலுள்ள பெரியவரைப் பாலம் சேதமுற்றது. தற்காலிகப் பாலம் போட்டார்கள். இரண்டு வருஷத்துக்குப் பின்னும் அந்தத் தற்காலிகமே வழியாயிருந்தது. 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடிய சமயத்தில், அதுவும் மழையில் சேதப்பட்டு உதவாமற் கிடந்தது. செய்தியே மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. மாண்டவர் 70 பேர். அவர்களிற் பலர் நம் தூத்துக்குடி ஜில்லாவின் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்டவர்கள்.

பாலம் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பர் என்று வாதாட நாம் வரவில்லை. மண்சரிவு அவ்வளவு அவகாசம் கொடுப்பதில்லை. ஆயினும், தேயிலை கீழே இறங்குவதற்கு 1935-இல் கிடைத்த உறுதியான வழி, அதைப் பறிக்கிறவர்களின் வாசலுக்கு 2020-லும் எட்டவில்லை என்பதை யார் மறுப்பார்? அன்று பாலம் கட்டியது ஜனங்களின் வோட்டினால் பதவிக்கு வராத ஸமஸ்தான ஆட்சி. இன்று ஆள்வதோ அந்த வோட்டினாலேயே பதவிக்கு வரும் ஸர்க்கார்.

நேரியமங்கலத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், தோட்டங்களுக்குப் பிரியும் கிளைப்பாதைகளிலுள்ள சிறு பாலங்களையும் ஒன்று விடாமல் பரிசோதித்து, அதன் முடிவை மலையாளத்திலும் தமிழிலும் பிரசுரிக்க வேண்டும். நமது ஜில்லாவிலிருந்து சட்டசபைக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்கள், மலையிலிருப்பவர்கள் தங்கள் தொகுதி வாக்காளரல்லரே என்று எண்ணாமல், அதைக் கேட்டு வாங்கவேண்டும்.