பனி உருகும் கரையில் தாழும் கடல்

கிறீன்லாந்தின் மீது வல்லரசுகளின் பார்வை திரும்பியிருப்பதை அண்மைக்காலமாக நாம் அவதானித்து வருகின்றோம். அத்தீவை விலைக்கு வாங்கும் எண்ணத்தை 2019 இல் வெளியிட்ட அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், 2025 இல் மீண்டும் பதவியேற்ற பின்னர் அதனை முன்னரிலும் கடுமையான தொனியில் வலியுறுத்தினார். டென்மார்க்கும் கிறீன்லாந்தின் சுயாட்சி அரசாங்கமும் இதனை நிராகரித்தன. அருமண் கனிமங்கள், கப்பற் பாதைகள், இராணுவத் தளங்கள் ஆகியவற்றைச் சுற்றியே இந்த விவாதம் நடைபெற்று வந்துள்ளது. அத்தீவின் ஐந்தில் நான்கு பங்கை மூடியுள்ள பனிக்கட்டிப் படலம் முற்றாக உருகுமாயின் உலகக் கடல் மட்டம் சராசரியாக 7 மீற்றர் உயரும் என்ற உண்மை அங்கு அரிதாகவே பேசப்படுகின்றது.

இதில் பலரும் அறியாத விடயம் ஒன்று உண்டு. அந்த 7 மீற்றரில் கிறீன்லாந்தின் கரைகளுக்குப் பங்கில்லை. பனி உருக உருக அங்கு கடல் மட்டம் தாழவே செய்யும்.

கேட்பதற்கு விந்தையாகத் தோன்றினாலும் இதன் காரணம் எளிமையானதே. மலை போன்ற பனித்திணிவு தனது ஈர்ப்பு விசையினால் சுற்றியுள்ள கடல் நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கின்றது. திணிவு குறையும்போது அப்பிடி தளர்கின்றது. நீர் விலகி உலகின் மறுபுறங்களை நோக்கிச் செல்கின்றது. உருகும் பனிப்படலத்திலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வரையான பரப்பில் கடல் தாழ்வதும், அதற்கப்பால் உயர்வதும் இதனாலேயாகும். அமெரிக்கரான றொபேட் வூட்வாட் 1888 ஆம் ஆண்டிலேயே இதற்கான கணித அடிப்படையை எழுதி வைத்தார். இத்துடன், பாரம் நீங்கிய நிலமும் மெல்ல மேலெழுகின்றது. இவ்விரண்டும் சேர்ந்தே துருவக் கரைகளின் வரலாற்றைத் தீர்மானித்துள்ளன.

அந்த வரலாறு கற்களில் பதிவாகியுள்ளது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடந்த பனியுகம் உச்சத்திலிருந்தபோது, உலகக் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் தரைவழியாக இணைந்திருந்த காலம் அது. அன்று கனடாவின் ஹட்சன் குடா தடித்த பனிக்கட்டியின் கீழ் அமிழ்ந்திருந்தது. பனி நீங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்நிலம் இன்னமும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வீதம் உயர்ந்து கொண்டேயிருக்கின்றது. சேர்ச்சில் நகருக்கு அண்மையிலுள்ள சிறு குடாவொன்றில் 18 ஆம் நூற்றாண்டில் பாய்க்கப்பல்கள் நங்கூரமிட்டன. கப்பல்களைக் கட்டிய இரும்பு வளையங்களும், நாடுகாண் பயணியான சாமுவேல் ஹேர்ன் 1767 இல் பாறையில் பொறித்த பெயரும் இன்றும் உள்ளன. கப்பல் நின்ற இடமோ புல்வெளியாகி விட்டது.

நோர்வேயின் ஸ்வல்பார்ட் தீவுகளில் திமிங்கில எலும்புகளும், சைபீரிய ஆறுகள் அடித்து வந்த மரக்கட்டைகளும் இன்றைய அலைகள் எட்டாத உயரத்தில், பழைய கரைகளின் சரளைக்கற்களிடையே கிடக்கின்றன. அவற்றின் வயதைக் காபன் முறையில் கணித்தே பனி எப்போது, எவ்வளவு விரைவாக விலகியது என்பதை விஞ்ஞானிகள் அறிகின்றனர். வெப்பமானியால் நாம் அறிந்துள்ள சுவீடனின் அன்டர்ஸ் செல்சியஸ் கூட, 1731 இல் கரையோரப் பாறையொன்றில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து ஆராய்ந்தவர்தான். எனினும் நிலம் உயர்கின்றது என்பதை அவர் உணரவில்லை. கடல் வற்றுகின்றது என்றே கருதினார்.

பழைய கரைகளின் சாட்சியத்தில் எம்மை அதிகம் உறுத்துவது அதன் வேகமே. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன்னர், 500 ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் கடல் 14 முதல் 18 மீற்றர் வரை உயர்ந்ததை தஹிட்டித் தீவின் பவளப்பாறைகள் காட்டுகின்றன. அன்று உருகுவதற்கு இருந்த பனி இன்றிருப்பதைவிட மிக அதிகம் என்பது உண்மையே. ஆனால் இன்றையதை ஒத்த உலகிலும் பனிப்படலங்கள் சரிந்துள்ளன. சுமார் 125,000 ஆண்டுகளுக்கு முந்திய வெப்பக் காலத்தில், கைத்தொழில் யுகத்துக்கு முந்திய நிலையைவிட உலகம் 0.5 முதல் 1.5 பாகை வரையே சூடாக இருந்தது. கடலோ இன்றையதைவிட 5 மீற்றருக்கும் மேலாக உயர்ந்திருந்தது. அந்தாட்டிக்காவின் இரு எதிர்ப்புறக் கடல்களில் வாழும் ஒரே இன ஒக்டோபஸ்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2023 இல் வெளியான ஆய்வு, அக்காலத்தில் அவை ஒன்றோடொன்று கலந்திருந்தன எனக் காட்டியது. இடையிலுள்ள மேற்கு அந்தாட்டிக்கப் பனிப்படலம் அன்று இருக்கவில்லை என்பதே இதன் பொருள். 2024 ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை 1.5 பாகை எல்லையைத் தாண்டியதாக உலக வானிலை அமைப்பு அறிவித்ததை இங்கு நினைவுகூர வேண்டியுள்ளது.

அதே மேற்கு அந்தாட்டிக்காவில்தான் இலங்கையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்புக் கொண்ட த்வெய்ட்ஸ் பனிக்கட்டியாறு இன்று பின்வாங்கி வருகின்றது. அது முற்றாகக் கரைந்தால் உலகக் கடல் சராசரியாக 65 சென்ரிமீற்றர் உயரும். அப்பிரதேசத்தின் நிலம் ஆண்டுக்கு 4 சென்ரிமீற்றர் வரை மேலெழுவதாக 2018 இல் வெளியான ஆய்வொன்று கூறியது. உயரும் நிலம் பனிக்கட்டியாற்றுக்கு முட்டுக்கொடுத்துச் சரிவைத் தாமதப்படுத்தலாம் என்பது நம்பிக்கை தரும் செய்தியெனினும், உருகும் வேகம் அதனை முந்திவிடுமா என்பதே கேள்வி.

துருவப் பனி கரைவதன் பாரத்தைச் சுமப்பவை துருவங்களிலிருந்து தொலைவிலுள்ள கரைகளே. கிறீன்லாந்து உருகினாலும் மேற்கு அந்தாட்டிக்கா உருகினாலும் வெப்பவலயத்து இந்து சமுத்திரத்துக்கு வந்து சேர்வது சராசரியிலும் சற்றுக் கூடிய பங்காகும். நிலப்பரப்பின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றருக்கும் குறைந்த உயரத்திலுள்ள மாலைதீவுக்கு அந்தச் ‘சற்று’ என்பது சிறிய சொல்லல்ல. பனிப்படலத்தின் எதிர்காலத்தைக் கனிமக் கணக்காக மட்டும் பார்ப்போருக்கு இவ்விழப்பில் பங்கு குறைவு. இழப்போருக்கோ அந்தப் பேச்சில் இடமே இல்லை. இது வெறும் இயற்கையின் விளையாட்டு எனத் தட்டிக்கழிக்கக்கூடியதன்று.

சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று வழங்கிய ஆலோசனைக் கருத்தில், காலநிலைக்குப் பாரிய தீங்கு நேராமல் தடுக்கும் கடப்பாடு அரசுகளுக்கு உண்டு எனவும், அதனை மீறினால் இழப்பீடு வழங்கும் பொறுப்பு எழலாம் எனவும் கூறியது. சிறிய நாடான வனுவாட்டு முன்னின்று பெற்ற வெற்றி அது. ஆனால் இழப்பீடு கோருவதற்குத் தத்தம் கரைக்குரிய கணக்குத் தேவை. காலநிலை மாற்றம் தொடர்பான அரசாங்கங்களுக்கிடையிலான குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கையையொட்டி, உலகெங்குமுள்ள அலைமானி நிலையங்களுக்கான தனித்தனி மதிப்பீடுகள் பொதுப் பார்வைக்கு விடப்பட்டுள்ளன. கொழும்பிலும் மாலேயிலும் டாக்காவிலும் துறைமுகங்களையும் கரையோர அணைகளையும் திட்டமிடுவோர், உலகச் சராசரி என்ற ஒற்றை எண்ணை ஒதுக்கிவிட்டு இம்மதிப்பீடுகளையே தமது வரைபடங்களில் இட வேண்டும் என வலியுறுத்துகின்றோம்.