பழுவூர்க்காரன் துரோகியா?

'பொன்னியின் செல்வன்' படிச்சவங்க, 2022லயும் 2023லயும் வந்த மணிரத்னம் படத்தைப் பார்த்தவங்க, எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி. பழுவேட்டரையர்னு சொன்னதும் என்ன ஞாபகம் வருது? சதி. ராத்திரியில் ரகசியமாகக் கூடி, சுந்தர சோழரின் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு மதுராந்தகனுக்குப் பட்டம் கட்டத் திட்டம் போட்ட கிழவர். சரிதானே?

அந்தப் பழுவூர் எங்க அரியலூர் பக்கத்துலதான் இருக்கு மக்களே. கீழப்பழுவூர், மேலப்பழுவூர்னு பஸ் போர்டுலயே பார்க்கலாம். நிஜப் பழுவேட்டரையர்கள் ஆண்ட ஊர். அவங்க காலத்துக் கோயில்கள் இன்னும் நிக்குது, சுவரெல்லாம் கல்வெட்டு. அதுல இருக்கற கதையே வேற.

முதல்ல உறவுமுறை. சுந்தர சோழன் காலத்து அன்பில் செப்பேடு, முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்ததாகச் சொல்கிறது. அவங்க பிள்ளை அரிஞ்சயன். அரிஞ்சயன் பிள்ளை சுந்தர சோழன். ஆக, ஆதித்த கரிகாலனுக்கும் ராஜராஜனுக்கும் பழுவூர் கொள்ளுப்பாட்டி பிறந்த வீடு! அடுத்தது போர். பாண்டியனும் இலங்கைப் படையும் சேர்ந்து பராந்தகனை எதிர்த்த வெள்ளூர்ப் போரில், சோழன் பக்கம் நின்னு சண்டை போட்டவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதன். கீழப்பழுவூர்க் கோயில் கல்வெட்டு சொல்லுது.

கரிகாலனைக் கொன்னது யாரு? காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கு. துரோகிகளின் சொத்தையும் அவங்க உறவுக்காரங்க சொத்தையும் பறிமுதல் பண்ணின விவகாரம் அது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர் பேராக வருது. பிரம்மாதிராஜன் பட்டம் வாங்கின அதிகாரிகளும் அதில் உண்டு. பழுவேட்டரையர் பேர் மருந்துக்குக்கூட இல்லை.

"பெரிய இடம், அதான் பேரை விட்டிருப்பாங்க"ன்னு ஒருத்தர் கிளம்புவார். அப்படின்னா ஒண்ணு சொல்லுங்க. கொலைகாரனின் சொந்தக்காரனைக்கூட விடாத ராஜராஜன், தன் அண்ணனைக் கொல்லச் சதி செஞ்ச குடும்பத்தைப் பழுவூரிலேயே ஆள விட்டிருப்பானா? அவன் காலத்துக் கல்வெட்டுகளிலும் பழுவேட்டரையர் கண்டன் மறவன் ஜம்முனு இருக்காரே!

"இது நாவல்தானே, ஏன் குதிக்கறே?" என்பது அடுத்த வாதம். கல்கி மேல எனக்குக் கோபமே இல்லை. கதைக்கு ஒரு கலகக்காரன் வேணும், எழுதினார். அதுவும் பெரியவரைக் கடைசியில் கம்பீரமாகத்தான் அனுப்பி வைத்தார். ஷேக்ஸ்பியரும் இதைத்தான் செஞ்சார். 'நான்காம் ஹென்றி' நாடகத்தில் ஊதாரி இளவரசன் ஹாலுக்குப் போட்டியா, கலகக்கார ஹாட்ஸ்பரை அதே வயசுப் பையனாகக் காட்டினார். நிஜத்தில் ஹாட்ஸ்பர் பிறந்தது 1364, ஹால் பிறந்தது 1386. ஹாட்ஸ்பர், ஹாலின் அப்பாவைவிடவே மூத்தவர்!

ஆனா அந்த ஊர்க்காரங்க நாடகத்தையும் ரசிக்கறாங்க, வரலாற்றையும் விடறதில்லை. மூன்றாம் ரிச்சர்டின் பேரைத் துடைக்கவே 1924ல் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 2012ல் லெஸ்டர் நகரத்துக் கார் பார்க்கிங்கைத் தோண்டி அவர் எலும்பையே எடுத்துட்டாங்க. முதுகு வளைஞ்சிருந்தது நிஜம், நாடகத்தில் வர்ற சூம்பின கை பொய்னு தெரிஞ்சுது.

நாம என்ன பண்றோம்? கல்வெட்டு கண்ணு முன்னாடி இருக்கு, தோண்டக்கூட வேண்டாம். ஆனாலும் நாவலைப் படிச்சிட்டு "வரலாற்றுத் துரோகி பழுவேட்டரையர்"னு எழுதறோம். நாவலாசிரியனுக்குக் கற்பனை செய்ய உரிமை உண்டு. அதை வரலாறுன்னு விக்கற உரிமை நமக்குக் கிடையாது.

அடுத்த தடவை கங்கைகொண்ட சோழபுரம் போறவங்க, மேலப்பழுவூர் பக்கம் கீழையூர் இரட்டைக் கோயிலுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. பழுவேட்டரையர் கட்டினது. பார்த்துட்டு வந்து துரோகின்னு எழுதுங்க, மனசு வந்தா :-)