ஜோன் ரிவர்ஸ் செய்தது துரோகமா?

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு: தன்னை ஆளாக்கிய ஜானி கார்சனுக்கே துரோகம் செய்தார், பலனையும் அனுபவித்தார். ஆளாக்கியவர் கார்சன் என்பது உண்மை. துரோகம் என்பதைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1933-இல் புரூக்ளினில் பிறந்த ஜோன், சின்னச் சின்ன கிளப்புகளில் அலைந்து தேறி, 1965 பிப்ரவரியில், என்பிசி தொலைக்காட்சியில் கார்சன் நடத்திய பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சியான 'டுநைட் ஷோ'வுக்கு வந்தார். கார்சன் வாய்விட்டுச் சிரித்தால் ஒரு நகைச்சுவைக் கலைஞருக்கு மறுநாளே வாழ்க்கை மாறிவிடும் காலம் அது. இவர் பெரிய நட்சத்திரமாவார் என்று அன்றிரவு ஒளிபரப்பிலேயே கார்சன் சொன்னார். திருமணம், உடல், முதுமை என்று பெண்கள் மேடையில் பேசத் தயங்கியதையெல்லாம் ஜோன் பேசினார். பிறர் தோற்றத்தைக் கிண்டலடித்ததில் பல சமயம் எல்லை மீறினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1983-இல் அவர் அந்த நிகழ்ச்சியின் 'நிரந்தர விருந்தினர் தொகுப்பாளர்' ஆனார். விருந்தினருக்கு என்ன நிரந்தரம்? கார்சன் விடுப்பில் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் ஜோன் அமர்வார். உரிமை மட்டும் கிடையாது. கார்சனுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டவர்கள் தனக்கு ஓராண்டுதான் தந்தார்கள் என்றும், அடுத்த தொகுப்பாளருக்கான உத்தேசப் பட்டியலில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள் என்றும் அவர் பின்னாளில் சொன்னார். இதைக் கண்ட எந்த ஊழியரும் வெளியே வேலை தேடத்தான் செய்வார்.

ஊடக முதலாளி ரூபர்ட் முர்டாக்கின் ஃபாக்ஸ் அப்போது அமெரிக்காவின் நான்காவது பெரிய அலைவரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. 1986 அக்டோபர் 9 அன்று, 'டுநைட் ஷோ'வுக்குப் போட்டியாக, ஜோனின் 'தி லேட் ஷோ' அதில் தொடங்கியது. அமெரிக்காவின் பெரிய அலைவரிசை ஒன்றில், பின்னிரவில், தன் பெயரில் உரையாடல் நிகழ்ச்சி நடத்திய முதல் பெண் அவர். முன்கூட்டியே தன்னிடம் சொல்லவில்லை என்பது கார்சனின் வருத்தம். தொலைபேசியில் அழைத்தேன், அவர் துண்டித்துவிட்டார் என்பது ஜோனின் பதில். ஃபாக்ஸோடு பேச்சு தொடங்கியபோதே சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அது மரியாதைக் குறைவு, துரோகம் அல்ல. 2005-இல் இறக்கும்வரை கார்சன் அவரோடு பேசவே இல்லை.

நிகழ்ச்சி தோற்றதற்குக் காரணங்கள் பல. ஃபாக்ஸின் கையில் இருந்த நிலையங்கள் குறைவு, பலவும் பலவீனமானவை. நிகழ்ச்சியைத் தயாரித்த கணவர் எட்கர் ரோசன்பெர்க்குக்கும் ஃபாக்ஸ் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை. 1987 மே மாதம் ஜோனை விலக்கினார்கள். ஆகஸ்டில் எட்கர் தற்கொலை செய்துகொண்டார்.

இந்தத் தோல்வியைக் காட்டி, பின்னிரவு பெண்களுக்குச் சரிப்படாது என்று பேசியவர்கள் உண்டு. அதே ஃபாக்ஸில் 1993-இல் நடிகர் செவி சேஸின் பின்னிரவு நிகழ்ச்சி சுமார் ஐந்து வாரத்தில் படுத்தது. ஆண்களுக்குச் சரிப்படாது என்று யாரும் எழுதவில்லை.

ஜோன் மீண்டும் அடியிலிருந்து தொடங்கினார். பகல்நேர உரையாடல் நிகழ்ச்சி நடத்தி 1990-இல் எம்மி விருது பெற்றார். கியூவிசி தொலைக்காட்சியில் நகை விற்றார். 'டுநைட் ஷோ'வின் கதவு மட்டும் கார்சனுக்குப் பின் வந்த ஜே லெனோ காலத்திலும் திறக்கவில்லை. 2014-இல் ஜிம்மி ஃபாலன் பொறுப்பேற்றதும்தான் அழைப்பு வந்தது. அப்போது ஜோனுக்கு வயது 80. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார்.