கருவி வந்தது, கை எங்கே?

ரோபோவைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்பதில் நமக்குள் வழக்கு நெடுநாளாக முடியவில்லை. எந்திரனா, இயந்திர மனிதனா, தானியங்கியா? சுஜாதாவின் ஜீனோ தொடங்கி 2010இல் வந்த ‘எந்திரன்’ திரைப்படம் வரை நம் கற்பனை ரோபோ பேசும், சண்டையிடும், காதலிக்கவும் செய்யும். பக்கவாதத்தில் சுருண்டுபோன விரல்களைப் பிரித்துவிடும் ரோபோவுக்கு அங்கே இடமில்லை. மெய்யாக வந்திருப்பதோ அதுதான். அதுவும் ஆம்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவில்.

வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து உருவாக்கிய ‘புளூட்டோ’வைச் சொல்கிறோம். மேசைமீது வைக்கத்தக்க சிறு கருவி. ஒரே மோட்டார், மாட்டிக் கழற்றும் கைப்பிடிகள். மணிக்கட்டை மடக்க ஒன்று, முன்கையைத் திருப்ப ஒன்று, விரல்களை விரிக்க ஒன்று. எதிரே கணினித் திரையில் ஒரு விளையாட்டு. நோயாளியால் இயலாத அளவுக்கு மட்டுமே உதவவேண்டும் என்பது இத்தகைய கருவிகளின் அடிப்படை. உதவியைக் கூட்டிக்கொண்டே போனால் திரையில் மதிப்பெண் ஏறும். கை இருந்த இடத்திலேயே இருக்கும். எப்போது உதவியைக் குறைப்பது, விறைத்த கையை எங்கே நிறுத்துவது, தோள்பட்டை வலியை முகக்குறிப்பில் எப்படிக் கண்டுகொள்வது என்பவை பழகிய கண்ணுக்கே தெரியும்.

“பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதாதா?” என்று கேட்போர் வேலூரின் வரலாற்றையே மறந்தவர்கள். 1946இல் அங்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்தார். நாணை இடம் மாற்றியதும் விரல் தானாக நிமிர்ந்துவிடவில்லை. பழைய தசைக்குப் புதிய வேலையைப் பொறுமையாகக் கற்பிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1954இல் விபத்தில் கால்களை இழந்தவர்போல் ஆகி, சக்கர நாற்காலியிலிருந்தே அத்தகைய கைகளுக்கு அறுவை செய்த மேரி வர்கீஸ், பின்னர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பியதும் இந்த அறிவினால்தான். கத்திக்குப் பொருந்தியது மோட்டாருக்குப் பொருந்தாதா?

ஆம்பூருக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் சிகிச்சையாளர் வந்துபோகும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தக் கை யாரிடம் இருக்கிறது? மனைவியிடம், மருமகளிடம், கூலிக்கு வரும் ஆயாவிடம், எப்போதாவது எட்டிப்பார்க்கும் தன்னார்வலரிடம். நாளை கருவி வீட்டுக்கு வந்தால் அதைத் தொடப்போவோர் இவர்களே. பயிற்சித் திட்டம் பேசுவோர் இவர்களைப் பேசுவதில்லை. விற்பவர் ஒரு பிற்பகல் செய்துகாட்டிவிட்டுப் போவதற்கே பயிற்சி என்று பெயர் சூட்டி, வருகைப் பதிவில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள்.

இதே ஊரில் ஷூ கம்பெனிக்குப் புதிதாக வரும் பெண்ணை முதல் நாளே நல்ல தோலில் தைக்க விடுவார்களா? வெட்டுத்துண்டில் பழக்கி, தையல் நேரான பிறகே வரிசையில் உட்காரவைப்பார்கள். தோல் வீணாகக் கூடாதே! இந்தப் பயிற்சிக்கென்று நடுவண் அரசே தோல் தொழில் மேம்பாட்டுத் திட்டத்தில் பணம் ஒதுக்கியது. மாட்டுத்தோலுக்குக் கிடைக்கும் இந்த மரியாதையைத்தான் மனிதத்தோலுக்கும் கேட்கிறோம். பயிற்சி நாளுக்குக் கூலி வேண்டும். “இவருக்கு இன்று வேண்டாம்” என்று எந்திரத்தை நிறுத்தும் உரிமை ஆயாவுக்கும் வேண்டும். தேறியவருக்கு ஊதியம் உயரவேண்டும். சட்டம்போட்ட சான்றிதழ் வயிற்றை நிரப்பாது.

நம் தமிழ்த்துறைகளும் தப்பமுடியாது. கலைச்சொல்லாக்கக் கருத்தரங்குகளில் ‘தசை விறைப்பு’ என்று பெயரிட்டுக் கலைந்துவிடுகிறோம். வீட்டிலுள்ளவளோ ‘கை இழுத்துக்கிச்சு’ என்கிறாள். அவள் சொல்லிலிருந்து தொடங்கும் பயிற்சிக் கையேடு ஒன்று வேண்டும். அதற்குத் தமிழாசிரியர் ஒருவர் இயன்முறை மருத்துவரோடு ஆறு மாதமாவது உட்காரவேண்டும், நோயாளிகளின் வீடு வீடாக ஏறி இறங்கவும் வேண்டும். உருது அறிந்த ஒருவரும் உடன் வேண்டும். ஆம்பூரில் அவருக்குப் பஞ்சமில்லை.