இல்லமும் எந்திரமும்: திரையில் ஒரு பெயர்ப்பலகை

பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த இடத்தில் குடியேறும் நம்மவர், வாசலில் மாட்டும் பெயர்ப்பலகையில் அவ்வூர் எழுத்தையும் ஆங்கிலத்தையும் பொறித்தபின், அடியில் தமிழிலும் ஒரு வரி எழுதுவதுண்டு. தபால்காரருக்கு அவ்வரி தேவையில்லை. வீட்டுக் குழந்தைகளுக்குத் தேவை. தினந்தோறும் கண்ணிற்படும் அவ்வொரு வரியிலேயே எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளைகள் உண்டு.

இன்றைய பிள்ளைகள் வாசலைக் காட்டிலும் மிகுதியாகப் பார்ப்பது கணிப்பொறித் திரையை. அங்கும் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. மெனுவைத் திறந்தால், ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சிறு படமும் அதனருகே ஒரு பெயரும் காண்கிறோம். அவ்வரிசையில் தமிழுக்கு இடம் உண்டா என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களில் தாராளமாக உண்டு. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளிக்கப்பட்டுவந்த ஆதரவு நின்றபின், பழைய பொறியை எறிய மனமின்றி அதில் லினக்ஸை நிறுவிக்கொண்ட இல்லங்கள் நம்மிடையேயும் உள்ளன. கேரளத்தில் அரசுப் பள்ளிகளிற் பயிலும் பிள்ளைகளுக்கோ இது பள்ளியிலேயே பழகிய பொருள்.

லினக்ஸின் திரைமுகப்புகளுள் கே.டி.இ. 1996-லும் க்னோம் 1997-லும் தொடங்கப்பெற்றன. இத்தகையவற்றுக்கெல்லாம் பொதுவான விதிகளை வகுக்கும் நோக்குடன், 2000-ல் ஹாவக் பென்னிங்டன் என்பவர் ஃப்ரீடெஸ்க்டாப் என்னும் பொது மன்றத்தை நிறுவினார். அங்கு வகுக்கப்பட்ட விதியின்படி, மெனுவில் தோன்றும் ஒவ்வொரு செயலிக்கும் 'டெஸ்க்டாப்' என்ற பின்னொட்டுடன் ஒரு சிறு கோப்பு இருக்கும். எவரும் திறந்து படிக்கத்தக்க சாதாரண எழுத்துக் கோப்பே அது. அதில் 'நேம்' என்னும் வரி பெயரைக் கூறும். 'ஐகான்' படத்தைக் குறிக்கும். 'கேட்டகரீஸ்', கல்வி, விளையாட்டு, அலுவல் என எப்பிரிவில் வைப்பது என்பதைச் சொல்லும். 'எக்ஸெக்', எக்கட்டளையை இயக்குவது என்பதைச் சொல்லும்.

'நேம்' என்ற சொல்லையடுத்துச் சதுர அடைப்புக்குள், தமிழைக் குறிக்கும் 'டி', 'ஏ' ஆகிய இரு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களை இட்டு, சமக்குறிக்கு அப்பால் தமிழ்ப் பெயரை எழுதினால் போதும். தமிழைத் தம் மொழியாகத் தேர்ந்துகொண்டவருக்கு மெனு அப்பெயரையே காட்டும்; ஏனையோருக்குப் பழைய பெயரே தோன்றும். பல செயலிகளுக்குத் தன்னார்வலர்கள் இவ்வரியை முன்னரே எழுதி வைத்துள்ளனர். இல்லாத இடத்தில் நாமே எழுதிக்கொள்ளலாம். எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும் கூறுவோம். பொறிக்குப் பொதுவான கோப்பைத் திருத்துதல் ஆகாது. செயலி புதுப்பிக்கப்படும்போது நம் திருத்தம் அழிந்துபோகும். அக்கோப்பைப் பெயர் மாற்றாமல் நகலெடுத்து, நம் இல்லக் கோப்புறையில் புள்ளியுடன் தொடங்கும் 'லோக்கல்', அதனுள் 'ஷேர்', அதனுள் 'அப்ளிகேஷன்ஸ்' என்னும் இடத்தில் வைத்துத் திருத்துக. புள்ளியில் தொடங்குவன மறைந்திருக்கும். கண்ட்ரோலுடன் எச் விசையை அழுத்தினால் பெரும்பாலும் தென்படும். பொதுக் கோப்பினும் நம் நகலுக்கே முதலிடம். பிழை நேர்ந்தால் நகலை நீக்குக. பழையது தானே திரும்பும். இல்லக் கோப்புறை ஆளுக்கு ஒன்று ஆதலின், ஒரே பொறியில் தந்தைக்கு ஆங்கில மெனுவும் பாட்டிக்குத் தமிழ் மெனுவும் அமையும்.

படம் இருக்கப் பெயர் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நாம் அறிந்த ஓர் இல்லத்தில் நடந்ததைக் கூறுவோம். ஊரிலுள்ள தங்கையின் முகம் பார்த்துப் பேச அவ்வீட்டுப் பாட்டியார் மாலைதோறும் பேரனுக்காகக் காத்திருப்பார். மெனுவில் இரு நீலப் படங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலிருந்தமையால், தாமே முயன்றபோதெல்லாம் வேறொன்றைத் திறந்துவிட்டு அஞ்சி மூடிவிடுவார். ஒரு ஞாயிறன்று பேரன் அவருக்கெனத் தனிக் கணக்கு ஒன்றைத் தமிழில் ஏற்படுத்தி, "இதற்கு என்ன பெயர் வைக்கலாம், பாட்டி?" என்று கேட்டான். "ஊருக்குப் பேச" என்றார் அவர்.

தமிழ் நன்கு பேசும் அச்சிறுவனுக்கு எழுதத் தெரியாது. பாட்டியார் ஒரு தாளில் எழுதிக் காட்ட, அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினான். முதன்முறை 'எக்ஸெக்' வரியிலும் அதே பெயரை எழுதிவிட்டமையால் செயலி திறக்கவில்லை. அவ்வரியைப் பழையபடி அமைத்ததும் சரியாயிற்று. 'ஐகான்' வரியில் ஊர்த் தேரின் படம் இருக்கும் இடத்தையும் எழுதிச் சேர்த்தான். மெனுவில் படம் மிகச் சிறிதாகவே தோன்றுமாதலால், தேரின் உச்சியை மட்டும் வெட்டியெடுத்தான்.

மறுநாள் மாலை பேரன் விளையாடச் சென்றுவிட்டான். பாட்டியார் தாமே திறந்து தங்கையுடன் பேசிக்கொண்டிருந்தார். பேரனோ இப்பொழுது மற்றச் செயலிகளுக்கும் பெயர் கேட்டு, வாரம் ஒன்றாக எழுதி வருகிறானாம். படத்தோடு நின்றிருந்தால் அவனுக்கு ஓர் எழுத்தும் வந்திராது.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் செவியில் இருக்கிறது. கண்ணுக்கும் கைக்கும் வரவில்லை. அதற்கு வகுப்பும் புத்தகமும் வேண்டுவதே. ஆயினும் தினமும் பார்க்கும் இடத்தில் ஒரு வரி எழுதி வைப்பது இன்றே இயலும். இம்மாதம் உங்கள் இல்லத்தில் ஒரு செயலிக்கேனும் பிள்ளைகளைக் கொண்டு தமிழ்ப் பெயர் எழுதச் செய்யுங்கள். அவர்கள் சூட்டிய பெயர்களை நமக்கு எழுதியனுப்பினால், அடுத்த இதழில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.